யாருக்கு மாயை?

இளையாத்தங்குடி சிவகங்கை மாவட்டத்தில், கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வரும் பெயர். அங்கே கைலாசநாதரும் நித்தியகல்யாணியும் இருக்கிறார்கள். அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் ஒக்கூர், பெருமருதூர், கழனிவாசல் என்று ஏழு பிரிவாக இருக்கிறார்கள். அதே ஊரில் ஒரு சமாதியும் இருக்கிறது. காஞ்சி காமகோடி மடம் தன் குருபரம்பரையில் 65ஆவதாகக் கணக்கிடும் சுதர்சன மகாதேவேந்திர சரஸ்வதி 1890இல் இங்கேதான் சித்தியடைந்தார். அதனால்தான் பிற்காலத்தில் அந்த மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இந்த ஊரில் வந்து தங்கினார். 1962இல் இங்கே ஆகம சிற்ப சதஸ் கூடியது.

ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில், உலகத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசும் இரண்டு இடங்கள். சமாதி அத்வைத மரபுடையது. பிரம்மம் ஒன்றே உண்மை, பலவாகத் தெரியும் உலகம் மாயையால் தோன்றுவது என்பது அந்த மரபின் நிலை. கோயிலோ சைவர்களுடையது. தமிழ்ச் சைவ சித்தாந்தத்துக்கு இறைவன், உயிர், தளை மூன்றும் என்றும் உள்ளவை. உலகம் பொய்த்தோற்றம் என்பதை அது ஏற்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் வழியில் வந்தவர்களுக்கு, மாயை என்பது உலகம் உண்டாவதற்கான மூலப்பொருள். பானைக்கு மண் போல. மண் பொய்யென்று எந்தக் குயவரும் சொல்வதில்லை.

எங்கள் வீடுகளில் இந்த வேறுபாட்டை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. பெயரளவில் நாங்கள் சைவர்கள். திருநீறு, தேவாரம், திருவாசகம் எல்லாம் உண்டு. ஆனால் பணத்தையும் பங்கையும் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் பெரியவர்கள் எல்லோரும் திடீரென்று அத்வைதிகளாகிவிடுவார்கள். 'எல்லாம் மாயை' என்ற சொல் அந்த நேரத்தில்தான் வரும். கல்யாணத்துக்கு வெள்ளி எடை போடும்போது வராது. வட்டி கணக்குப் பார்க்கும்போது வராது. ஒரு பெண் தன்னுடையதைக் கேட்கும்போது வரும்.

இதை நான் என் ஆயாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஆயா பிறந்தது இளையாத்தங்குடிக் கோயிலில். கல்யாணம் ஆனதும் கணவரின் கோயிலுக்கு மாறினார். எங்களில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். கோயிலின் கணக்கில் தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. புள்ளிவரி அந்தக் கணக்கில்தான் விழும். ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. 1968இல் என் ஐயா இறந்தபோது ஆயா அரைப்புள்ளி ஆனார். இரண்டு பெண் குழந்தைகள், மகன் இல்லை. நித்தியகல்யாணியின் சந்நிதியில் வளர்ந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை.

பிள்ளை கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கொழுந்தனாரின் மகன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டால் புள்ளி தொடரும், சொத்தும் குடும்பத்துக்குள் நிற்கும் என்றார்கள். ஆயா தனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னார். அதன் பிறகுதான் அவருடைய சாமான்கள் இருந்த அறையின் சாவி காணாமல் போனது. கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் கொடுத்த வெள்ளி, பித்தளை, மரச்சாமான் எல்லாவற்றுக்கும் அவரிடம் எழுதிய சிட்டை இருந்தது. சிட்டையை எடுத்துக்கொண்டு வளவுக்கு வந்து கேட்டார். கொழுந்தனார் கோபப்படவில்லை. மிகவும் பக்குவமாக, "எல்லாம் மாயை அண்ணமிண்டி. போகும்போது கூடவா வரப் போகுது?" என்றார்.

ஆயா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். "சரி, மாயைதானே. அதை இங்கிட்டு எடுத்து வச்சிட்டுப் போங்க."

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். அந்தப் பதிலில் ஒரு முழு வாதம் இருப்பதாக எனக்குப் பின்னால், தத்துவம் படித்தபோது தெரிந்தது. சங்கரரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உலகம் தோற்றம் என்று போதித்தவரைச் சோதிக்க ஓர் அரசன் யானையை அவிழ்த்துவிட்டானாம். சங்கரர் ஓடினாராம். யானையும் மாயைதானே, ஏன் ஓடினீர் என்று கேட்டதற்கு, நான் ஓடியதும் மாயைதான் என்றாராம். கதை வேடிக்கைக்காகச் சொல்லப்படுவது. ஆனால் அதில் நேர்மையான ஒரு கணக்கு இருக்கிறது. யானை எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதே தளத்தில்தான் ஓட்டமும் இருக்கிறது. ஒன்றை மேல் தளத்துக்கு ஏற்றிவிட்டு மற்றதைக் கீழே வைத்துக்கொள்ள முடியாது. வெள்ளிப் பாத்திரம் மாயை என்றால் அதைப் பூட்டி வைப்பதும் மாயை. கேட்பது வீண் என்றால் கொடுக்க மறுப்பதும் வீண்.

அத்வைதம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. அது ஒரு வகைத் தோற்றம். விளக்கைக் கொண்டுவந்ததும் போய்விடும். ஊர், உறவு, கடன், வழக்கு, பசி எல்லாம் அடங்கிய நடைமுறை உலகம் இன்னொன்று. பிரம்ம ஞானம் வரும்வரை அது செல்லும். அதற்கும் மேலே பாரமார்த்திகம் என்கிற இறுதி உண்மை. நடைமுறை உலகத்தை 'இல்லாதது' என்று சங்கரர் சொல்லவில்லை. முயல் கொம்பு இல்லாதது. உலகம் அப்படியல்ல. உள்ளது என்றும் இல்லது என்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதது அது. ஆகவே நடைமுறையில் கடன் கடன்தான், பங்கு பங்குதான். பங்கு கேட்டவரிடம் பிரம்மத்தைக் காட்டுகிறவர், சங்கரரின் சொல்லை எடுத்துக்கொண்டு அவருடைய ஒழுங்கை விட்டுவிடுகிறார்.

அந்தக் கொழுந்தனாரின் தலைமுறைக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் மாயையைக் கண்ணால் பார்த்தவர்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் அடமானம் வைத்த நிலங்கள் கைமாறி, 1938இல் அது ஏறக்குறைய 25 விழுக்காடு ஆனது. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். பெட்டகத்தை விட்டுவிட்டு ஆட்கள் ஊருக்கு ஓடிவந்தார்கள். பிறகு சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. காகிதத்தில் லட்சாதிபதிகளாக இருந்தவர்கள் வீட்டுத் தேக்குத் தூணை விற்றுச் சாப்பிட்டார்கள். செல்வம் தோற்றம் என்று அவர்கள் சொன்னால் அதில் அனுபவம் இருக்கிறது. அந்த நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கும் அதே அனுபவம் இருந்திருக்கும். அவர் சொன்னதை நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்தபோது ஊரில் வீட்டை நடத்தியது யார்? மழைநீரை இறக்கி, நெல்லை அவித்து, வத்தல் போட்டு, பிள்ளை பெற்று, மாமியாருக்கும் தனக்குமாக 'வேறு வைத்த' அடுப்பில் தனித்தனியாகச் சமைத்து, வட்டிக்குக் கொடுத்த சிறுபணத்தின் கணக்கை நெஞ்சிலேயே வைத்திருந்த பெண்கள். பர்மா போன பின்னும் நின்றது அந்த வீடுகள்தான். அவர்களுக்கு உலகம் தோற்றம் என்று சொல்லச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. உலை கொதிக்கும்போது பக்கத்தில் நின்றாக வேண்டும்.

பிருகதாரண்யக உபநிடதத்தை முதல் முறை படித்தபோது நான் இந்தப் பெண்களில் ஒருத்தியை அங்கே கண்டேன். யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுப் போகப் போகிறார். இரண்டு மனைவிகளுக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் கிடைத்தாலும் நான் மரணமற்றவள் ஆவேனா என்று மைத்ரேயி கேட்கிறாள். அவளுக்கு அவர் உபதேசம் செய்கிறார். இந்திய தத்துவத்தின் மிகப் பெரிய உரையாடல்களில் ஒன்று அது. பெண்ணியர்களான நாம் மைத்ரேயியைப் பெருமையாக எடுத்துச் சொல்வோம், கார்க்கியையும் சொல்வோம். இன்னொரு மனைவி காத்யாயனியை யாரும் சொல்வதில்லை. பெண்களுக்கு வழக்கமான அறிவு மட்டுமே உள்ளவள் என்று ஒரு வரியில் அவளை நூல் முடித்துவிடுகிறது. அவளுக்கு ஒரு வார்த்தை கூடக் கொடுக்கவில்லை. தத்துவ உரையாடல் நடந்துகொண்டிருந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது அவளாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவளுடைய 'வழக்கமான அறிவு' என்ன என்று கேட்டு எழுதிய உபநிடதம் எதுவும் இல்லை.

கேட்கப்படாமல் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் பெண்ணே மாயையாக ஆக்கப்பட்டாள். மண்ணாசை, பொன்னாசை, பெண்ணாசை என்று மூவாசை சொல்கிறோமே, அந்தப் பட்டியலைப் போட்டவர் எந்த இடத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்? ஆசைப்படும் ஆள் ஆண். பெண், வயலுக்கும் தங்கத்துக்கும் பக்கத்தில் மூன்றாவது பொருள். அவளுக்கும் ஆசை உண்டு, அவளும் துறக்க விரும்பக்கூடும் என்பதற்குப் பட்டியலில் இடமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் பாடிய பிரபுலிங்க லீலையில் மாயை ஓர் அரசகுமாரியாகப் பிறக்கிறாள். அல்லமப்பிரபுவை மயக்குவது அவள் வேலை. அவர் மயங்கவில்லை என்பது அவருடைய வெற்றி. பட்டினத்தாரை நகரத்தார் தங்களவர் என்று கொண்டாடுவார்கள். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் அல்லவா? அவர் பாடல்களில் பெண்ணுடல் படும் பாட்டை ஒரு பெண்ணாக இருந்து படித்துப் பாருங்கள். அருவருப்பு எல்லாம் நம் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட பட்டினத்தார் தாய் இறந்தபோது திரும்பி வந்து ஈமக்கடன் செய்தார் என்பது மரபு. சங்கரரைப் பற்றியும் அதே கதைதான். துறவிக்கு அந்த உரிமை இல்லையென்று உறவினர் தடுத்தும், தாய் ஆரியாம்பாளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவரே எரியூட்டினார் என்பார்கள். வரலாறோ இல்லையோ, இந்த இரண்டு கதைகளையும் நம் ஆட்கள் விடாமல் சொல்லிவந்திருக்கிறார்கள். மாயை என்று எல்லாவற்றையும் உதறியவரும் கொடுத்த வாக்கை உதறக் கூடாது என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. பெற்றவளுக்குக் கொடுத்த வாக்குக்கு இருக்கிற மதிப்பு, கூடப் பிறந்தவளுக்கும் அண்ணன் மனைவிக்கும் கொடுக்க வேண்டியதற்கு ஏன் இல்லாமல் போகிறது என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் சொல்லி, மாயை என்ற கருத்தே ஆண்களின் சூழ்ச்சி என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய நூல்களிலேயே அந்தக் கருத்தைப் பெண்கள் கையில் எடுத்து எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் சுலபா என்ற பெண் துறவி வருகிறாள். மிதிலை மன்னன் ஜனகன் அரண்மனையில் இருந்துகொண்டே முக்தன் ஆனவன் என்று பெயர் பெற்றவன். ஒரு கையில் சந்தனம் பூசினாலும் மற்றதை வெட்டினாலும் தனக்கு ஒன்றே என்கிறான். சுலபா தன் யோக வலிமையால் அவன் மனத்துக்குள் நுழைகிறாள். உடனே முக்தன் பதறுகிறான். நீ யார், யாருடையவள், எங்கிருந்து வந்தாய், என்ன வருணம், ஓர் ஆணுக்குள் ஒரு பெண் இப்படி வரலாமா என்று அடுக்குகிறான். சுலபா நிதானமாகப் பதில் சொல்கிறாள். தனக்கும் பிறருக்கும் பேதம் இல்லை என்று உணர்ந்தவன் 'நீ யாருடையவள்' என்று எப்படிக் கேட்பான்? கேட்கிறான் என்றால் அவன் இன்னும் முக்தன் ஆகவில்லை. அதற்கு ஜனகன் பதில் சொல்லவில்லை.

நம் மணிமேகலையும் இருக்கிறாள். வஞ்சி நகரத்தில் வைதிகர், சைவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று சமயவாதிகள் பலரிடம் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். ஆனால் ஆண் துறவி வடிவம் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். இளம்பெண்ணாகப் போனால் யாரும் தத்துவம் பேச மாட்டார்கள் என்பது சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணால் காண்பதே உண்மை என்ற பூதவாதியைப் பார்த்துச் சிரித்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் தன் சொந்த உருவத்தில்தான் அளவை நூல் கற்கிறாள். தோற்றம் பொய் என்பதை அவள் வாதமாகப் பேசவில்லை, வேடமாகப் போட்டே காட்டினாள். உடை மாறியதும் அதே கேள்விக்கு மரியாதை வருகிறது என்றால், முன்பு மரியாதை இல்லாமல் போனதற்குக் கேள்வி காரணமல்ல.

சங்கரர் பிரம்மசூத்திர உரையைத் தொடங்கும் இடத்தில் அத்தியாசம் என்ற கருத்தை வைக்கிறார். ஒன்றின் தன்மையை மற்றொன்றின் மேல் ஏற்றிக் காண்பது. கயிற்றில் பாம்பை ஏற்றுவது போல, ஆன்மாவின் மேல் உடலை, வயதை, வருணத்தை, ஆசிரமத்தை ஏற்றுகிறோம் என்கிறார். இன்னார் இன்ன சடங்கு செய்யலாம் என்ற விதிகள் எல்லாம் இந்த ஏற்றத்தை நம்பியே நடக்கின்றன என்கிறார். எவ்வளவு பெரிய ஒப்புதல் இது! அதே உரையில் பின்னால், சூத்திரருக்கு வேதம் ஓத உரிமை இல்லை என்று அவரே நிறுவுகிறார். அவருடைய மடங்களின் வழி வந்ததாகச் சொல்லும் காஞ்சி குருபரம்பரையில் ஒரு பெண் பெயரும் இல்லை. வருணம் ஏற்றப்பட்டது என்று தெரிந்த பின்னும் அதை இறக்கி வைக்க மனம் வரவில்லை. நாம் இறக்கி வைக்கலாம். அரைப்புள்ளி என்பது ஓர் ஏற்றம். வெள்ளைச் சேலை ஓர் ஏற்றம். மகன் பெறாதவள் குறையுள்ளவள் என்பதும் ஏற்றம்தான். கயிறு அங்கேயே கிடக்கிறது. பாம்பைப் பார்த்தவர்கள் நாம் அல்ல.

சமாதியை அதிஷ்டானம் என்பார்கள். தோற்றத்துக்கு அடியில் மாறாமல் இருப்பதற்கும் அத்வைதத்தில் அதிஷ்டானம் என்றே பெயர். பாம்புக்குக் கயிறு அதிஷ்டானம். இளையாத்தங்குடியில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எங்கள் வீடுகளின் அதிஷ்டானம் யார் என்ற நினைப்பு எனக்கு வரும்.

கோயில் பக்கத்துத் தத்துவத்திலிருந்து எனக்கு வேண்டியது வேறொன்று. உயிரை மறைக்கும் இருள் ஆணவம் என்கிறது சைவ சித்தாந்தம். மாயை அந்த இருளில் ஏற்றிய விளக்கு. விடியும்வரை வழி காட்ட உடலும் உலகமும் தரப்பட்டிருக்கின்றன. அப்படியானால் கண்ணை மறைத்தது வெள்ளிப் பாத்திரமும் அல்ல, அதைக் கேட்ட பெண்ணும் அல்ல. சாவியை மடியில் வைத்துக்கொண்டு மாயை பேசியவரிடம் இருந்தது ஆணவம். விளக்கைக் குறை சொல்லி இருளைக் காப்பாற்றுகிற பேச்சு அது.

ஆயாவுக்கு நான்கு வருடம் கழித்துச் சாமான்கள் வந்தன. சிட்டையில் இருந்ததில் முக்கால்வாசி. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கணவரின் பங்கில் அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் உரிமை கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்தைச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் வீட்டில் அவருடைய அறை அவருக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். நிலத்தில் பங்கு வரவில்லை. தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்தில் உரிமை வந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்துவிட்டது. பேச்சு மாறவில்லை. இப்போது வளவில் நின்று மாயை என்று யாரும் சொல்வதில்லை. 'உனக்கு என்னம்மா குறை, அண்ணன் தம்பி உறவு வேணுமா, சொத்து வேணுமா' என்பார்கள். பிறகு காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவார்கள். பங்கை விட்டுக்கொடுத்து மகள் கையெழுத்துப் போடும் அந்தப் பத்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம். முக்திக்கு வைத்திருக்கிற அதே சொல்.

என் வகுப்பு மாணவிகளிடம் நான் மாயாவாதத்தை முழுமையாகவே நடத்துகிறேன். கௌடபாதர், சங்கரர், மறுத்த இராமானுஜர், மெய்கண்டார் எல்லோரையும். அது மனித மனம் எட்டிய பெரிய உயரங்களில் ஒன்று என்று சொல்லித்தான் நடத்துகிறேன். பாடம் முடிந்ததும் விடுதலைப் பத்திரத்தின் மாதிரிப் படிவம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். எதை விடுகிறோம், யாருக்கு விடுகிறோம், ஈடாக என்ன பெற்றதாக அதில் எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் பார்ப்போம். விட விரும்புகிறவள் விடட்டும். மைத்ரேயியும் விட்டாள். ஆனால் அவளிடம் முதலில் பங்கைப் பிரித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னார்கள். அது தன்னுடையது என்று தெரிந்த பிறகு அவள் வேண்டாம் என்றாள்.